அன்செல்மோவின் கண்ணீர்

தன் மண்ணைக் காக்க ஆயுதம் ஏந்திய எளியவன், கையில் படிந்த குருதிக்குக் கணக்குக் கொடுக்க வேண்டுமா? 1940இல் வெளிவந்த எர்னஸ்ட் ஹெமிங்வேயின் 'ஃபார் ஹூம் தி பெல் டோல்ஸ்' நாவலை மீண்டும் வாசிக்கையில் நம் உள்ளத்தில் எழுந்த வினா இது.

1936 முதல் 1939 வரை ஸ்பெயினை இரண்டாகப் பிளந்த உள்நாட்டுப் போரே கதைக்களம். 1937 மே மாத இறுதியில், குடியரசுக்காகப் போரிடும் ராபர்ட் ஜோர்டன் என்னும் அமெரிக்கன், பாலம் ஒன்றைத் தகர்க்க மலைப்பகுதிக்கு வருகிறான். அவனுக்குத் துணை நிற்போர் அந்நாட்டுச் சாதாரண மக்கள். வழிகாட்டியான அன்செல்மோ, 68 வயதை நெருங்கும் வேட்டைக்காரர்.

ஆசிரியர் நாயகனாக முன்னிறுத்துவது அமெரிக்கனைத்தான். ஆயினும் நாவலின் மனச்சான்று இக்கிழவரே. கடவுள் இருப்பினும் இல்லாவிடினும் மனிதனைக் கொல்வது பாவம் என்கிறார் அவர். கடமை என்று அதனை ஏற்கிறார்; பெருமை கொள்ள மட்டும் மறுக்கிறார். போர் முடிந்தபின் நாட்டினர் அனைவரும் பெரியதொரு தவம் செய்தாக வேண்டும் என எண்ணுகிறார். பாலத்தின் காவலாளியைச் சுட நேர்ந்தபோது கண்ணீர் வடிக்கிறார்.

இத்தவத்தின் தேவையைப் பிலார் என்னும் பெண் கூறும் கதை உணர்த்துகிறது. போரின் தொடக்கத்தில் ஊர்மக்களே தம் அண்டை அயலாரைக் கதிரடிக்கும் கோல்களால் அடித்துப் பாறை விளிம்பிலிருந்து தள்ளுகின்றனர், குருவானவரும் கொலையுண்கிறார். இது வெறும் கற்பனையன்று. அப்போரில் 6,000க்கும் மேற்பட்ட குருக்களும் துறவியரும் கொல்லப்பட்டனர். எதிர்த்தரப்பின் கரங்களும் தூயவை அல்ல. மயோர்க்கா தீவில் அத்தரப்பினர் நிகழ்த்திய கொலைகளைக் கத்தோலிக்க எழுத்தாளர் பெர்னானோஸ் 1938இல் நூலெழுதிக் கண்டித்தார்.

குன்றின்மேல் நிகழும் இறுதிச் சண்டை நம்மை உலுக்குகிறது. கட்சி முழக்கத்தை உச்சரித்துக்கொண்டிருந்த சிறுவன் ஹொவாக்கின், குண்டுகள் விழுகையில் 'அருள்நிறைந்த மரியே' செபத்திற்குத் திரும்புகிறான். பின்னர், காயமுற்று நினைவிழந்து கிடக்கும் அவனை எதிரணி அதிகாரி பெர்ரெந்தோ சிலுவை அடையாளம் வரைந்துவிட்டே சுடுகிறான். தன் நண்பனுக்காகச் செபித்துக்கொண்டே மலையிறங்குகிறான். அன்றே அன்செல்மோவும் மாண்டோருக்காகச் செபிக்கிறார்.

நாவலின் குறையையும் சொல்லியாக வேண்டும். பாலம் வெடிக்கையில் சிதறிய இரும்புத்துண்டு கிழவரின் உயிரைப் பறிக்கிறது. அவர் வேண்டிய தவத்தை அதன்பின் எவரும் எடுத்துரைப்பதில்லை. காதலுக்கு ஒதுக்கிய பக்கங்களில் சிலவற்றை ஆசிரியர் அதற்கு அளித்திருக்கலாம்.

ஊரைக் காத்தோரை நாம் போற்றுகிறோம். அவர்களோடு அமர்ந்து அழவும் பாவப்பரிகாரம் செய்யவும் முன்வருகிறோமா? அன்செல்மோ விட்டுச் சென்ற அப்பணி நமக்கும் உரியது.