பூனையின் தவமும் பள்ளி நூலகமும்

புஸ்தகம் பூட்டி வைப்பதற்கல்ல, பயன்படுத்துவதற்கே என்பது சீர்காழிக்காரரான எஸ். ஆர். ரங்கநாதன் 1931-ல் வெளியிட்ட ஐந்து நூலக விதிகளில் முதலாவது. 1948-ல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டமும் வந்துவிட்டது. ஆனாலும் பல நடுநிலைப் பள்ளிகளின் அலமாரிச் சாவி வெகுகாலம் தலைமையாசிரியர் மேஜைக்குள்ளேயே இருந்தது.

ஆகவே, பள்ளிக் கல்வித் துறை 2023-ல் தொடங்கிய வாசிப்பு இயக்கத்தை நல்ல இலக்கிய முயற்சி என்றே சொல்வேன். நுழை, நட, ஓடு, பற என்று நாலு படிகளில் சின்னச் சின்னப் புஸ்தகங்கள். வயதைப் பாராமல் வாசிக்கும் திறனைப் பார்த்துப் பிரித்தது புத்திசாலித்தனம். ஏழாம் வகுப்பில் எழுத்துக் கூட்டுகிறவனும் வெட்கமில்லாமல் உள்ளே நுழையலாம்.

என் பயம் வேறு. கதையை மூடியதும், "இதன் நீதி என்ன?" என்று வாத்தியார் கேட்டால் கதை பாடமாகிவிடும், பையன் பதிலைத் தேடுவானே தவிர ரசிக்கமாட்டான். மாமல்லபுரத்துப் பாறையில் 7-ம் நூற்றாண்டுச் சிற்பி தவம் செய்கிற பூனையையும், அதன் காலடியில் எலிகளையும் செதுக்கினான். கீழே நீதி எழுதவில்லை. இன்றும் குழந்தைகள் பார்த்த மாத்திரத்தில் சிரிக்கிறார்கள்.

கொளவாய் ஏரிக்கரைச் சிறுமிக்குத் தண்ணீரைத் தெரியும். கடலோரப் பையனுக்கு வலையைத் தெரியும். கடல் கதையைப் படித்துவிட்டு, "வலையை இப்படியா இழுப்பார்கள்?" என்று அவன் கேட்டால், வாத்தியார் அதட்டக் கூடாது. விமரிசனம் என்று நாங்கள் பக்கம் பக்கமாக எழுதுவது அந்தக் கேள்வியைத்தான்.