அல்லிராணி கோட்டையைப் பார்க்கப் போகிறீர்களா?

மன்னாரிலிருந்து வங்காலை வழியாகச் சிலாவத்துறைக்குப் போகும் வீதியில், அரிப்புக் கடலோர மண்மேட்டில் சில செங்கற்சுவர்கள் இடிந்து நிற்கின்றன. ஊரார் அதை அல்லிராணி கோட்டை என்பார்கள். அல்லி அர்ச்சுனன் கதையையும் யாராவது சொல்லக்கூடும், ஆசையோடு கேளுங்கள். கட்டடம் என்னவோ இலங்கையின் முதல் பிரித்தானிய ஆளுநர் பிரடெரிக் நோர்த்தினுடையது. முத்துக்குளிப்பை மேற்பார்க்க வரும்போது தங்குவதற்காக 1800களின் தொடக்கத்தில் கட்டிக்கொண்ட மாளிகை.

உச்சிவெயிலில் போகாதீர்கள். உடைமரமும் முட்புதரும்தான், ஒதுங்க நிழலில்லை. நாலு மணிக்குப் பிறகு சாய்வெயில் கடல்பக்கச் சுவரில் விழும், அதுதான் நேரம்.

தூரத்தில் நின்று படமெடுத்துவிட்டுத் திரும்புகிறவர்களுக்கு இடிபாடு மட்டுமே கிடைக்கும். சுவருக்குக் கிட்டப் போங்கள். மாளிகையை டொரிக் பாணியில் கட்டினார்கள். டொரிக் என்பது கிரேக்கக் கோயில்களின் பாணி: தடித்த, அலங்காரம் குறைந்த தூண்கள். அங்கே பளிங்கு வெட்டினார்கள். இந்த மணற்கரையில் பளிங்குக்கு எங்கே போவது? செங்கல்லை அடுக்கி, சிப்பி சுட்ட சுண்ணாம்பைப் பூசி, பளிங்குபோல மினுக்கிவிட்டார்கள். பாதிரியார் ஜேம்ஸ் கோர்டினர் 1807இல் வெளியான தன் நூலில் இந்த மாளிகையை மெச்சி எழுதினார். பூச்சு உதிர்ந்து செங்கல் தெரியும் விளிம்பைத் தேடிப் பாருங்கள். கிரேக்கக் கனவும் மன்னார்ச் சிப்பியும் அந்த ஓரத்தில்தான் சந்திக்கின்றன. முழுதாக இருந்திருந்தால் இந்தச் சூழ்ச்சி நமக்குத் தெரிந்திருக்காது என்பது என் எண்ணம்.

பிறகு கடலைப் பாருங்கள். முத்துப்பார்கள் அந்தப் பக்கம்தான். இரு பருவக்காற்றுக்கும் நடுவே கடல் அடங்கும் பங்குனி, சித்திரையில் கீழக்கரையிலிருந்தும் அரபு நாடுகளிலிருந்தும் சுழியோடிகள் வந்திறங்க, வெறும் மணலில் ஓலைக் கொட்டில்களால் ஒரு நகரமே எழும். 1905இல் சுமார் எட்டுக் கோடி சிப்பிகள் அள்ளினார்கள். மறு ஆண்டு லண்டன் கம்பெனியொன்று பார்களைக் குத்தகைக்கு எடுத்தது. இரண்டு பருவத்தில் சிப்பி ஓய்ந்தது. இப்போது கடல் மண்மேட்டை அரித்துக்கொண்டிருக்கிறது. விளிம்பில் நிற்க வேண்டாம்.

பக்கத்திலேயே சிறிய அரிப்புக் கோட்டை. கண்டி இராச்சியத்தில் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் சிறைப்பட்டிருந்த ரொபர்ட் நொக்ஸ், 1679 ஒக்டோபரில் தப்பி, அருவியாற்றங்கரைக் காட்டைப் பிடித்துக்கொண்டு வந்து ஒல்லாந்தரிடம் சேர்ந்தது இங்கேதான். மதில் பெரிதில்லை. ஆனால் காட்டிலிருந்து வந்தவனின் கண்ணால் பார்த்தால் அளவு மாறிவிடும்.

மார்கழி, தையில் போகிறவர்கள் வங்காலைச் சதுப்பில் பூநாரைகளுக்கும் அரைமணி ஒதுக்கலாம்.