கல்விக்கூடத்துக்கு ஒரு திண்ணை

பல்கலைக்கழகம் ஒன்றைக் காணச் செல்வோர் முதலில் வியப்பது அதன் பட்டமளிப்பு மண்டபத்தையும் நூலகத்தையும் நிழல் தரும் மரங்களையுமே. காலை எட்டு மணி வகுப்புக்கு வந்து, மாலை நான்கு மணி வகுப்புவரை காத்திருக்கும் மாணவன் இடைப்பொழுதை எங்கே கழிக்கிறான் என்று எவரும் கேட்பதில்லை. நாள்தோறும் வந்து போகும் மாணவரையுடைய கல்விக்கூடத்தின் அமைப்பை மதிப்பிட இதனினும் நல்ல கேள்வி இல்லை என்பது எம் கருத்து.

பினாங்கில் இக்கேள்விக்குத் தனிப்பொருள் உண்டு. இங்குப் பல்கலைக்கழகம் வேண்டுமென்று மாநிலச் சட்டமன்றம் 1962இல் தீர்மானித்தது. 1967இல் துங்கு அப்துல் ரகுமான் சுங்கை ஆராவில் அடிக்கல்லும் நாட்டினார். ஆயினும் 1969இல் தோன்றிய பல்கலைக்கழகம், குளுகோரிலிருந்த ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் தொடங்கி, 1971இல் பிரிட்டிஷ் படையினர் விட்டுச்சென்ற மிண்டன் பாசறைக்குக் குடிபுகுந்தது. (மிண்டன் என்பது 1759இல் போர் நடந்த ஜெர்மானிய ஊரின் பெயர், கல்விக்கு வாய்த்த பெயரைப் பாருங்கள்!) மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் என இன்று நாம் அறிவது இதுவே. மேடும் பள்ளமுமான அந்நிலம், அங்கேயே உண்டு அங்கேயே உறங்கும் சிப்பாய்க்காக வகுக்கப்பட்டது.

ஜார்ஜ் டவுன் கடற்கரையிலுள்ள வவாசான் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் கதையும் ஏறக்குறைய இதுதான். பணிபுரிவோரை முதன்மையாகக் கருதி 2006இல் நிறுவப்பெற்ற அதற்கு வாய்த்தது, வணிகர் இயாப் சோர் ஈயின் குடும்பத்தார் அளித்த மாளிகை. சிப்பாய் வாழ்ந்த இடம் ஒன்று. செல்வர் வாழ்ந்த இடம் மற்றொன்று. இரண்டுக்கும் இன்று வழிப்போக்கரும் உரியர்.

மிண்டனில் விடுதிகள் இல்லாமலில்லை. ஆயினும் சுங்கை டுவாவின் அடுக்குமாடி வீடுகளில் வாடகைக்கிருந்து வருவோர் உளர். பாலம் கடந்து பெருநிலத்திலிருந்து வருவோரும் உளர். ‘பூங்காவுக்குள் பல்கலைக்கழகம்’ என்னும் தொடர் அவ்வளாகத்துக்கு வழங்கி வருகிறது. அழகிய தொடர்தான், மரங்களைக் காத்தோர்க்கு நன்றி கூறவும் வேண்டும். ஆனால் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பொழியும் தீவில் மரம் குடையாகாது.

விடை தேடி அயல்நாடு செல்லவேண்டுவதில்லை. ஜார்ஜ் டவுன் கடைவீடுகளின் முன்னே நம்மவர் ‘அஞ்சடி’ என்று வழங்கும் கூரையிட்ட நடைவழி இருக்கிறதே! சிங்கப்பூருக்கு ராபிள்ஸ் 1822இல் வகுத்த நகரத் திட்டம் இத்தகைய நடைவழியைக் கட்டாயமாக்கியது. நிலம் கடைக்காரருடையது, வழி ஊராருடையது. அங்கே நடக்கலாம், மழை விடும்வரை நிற்கலாம், நின்ற இடத்தில் நாலு வார்த்தை பேசலாம். நம் ஊர்த் திண்ணையும் இவ்வினத்ததே. வழிப்போக்கன் இளைப்பாறிய திண்ணையிலேதான் பள்ளியும் நடந்தது என்பதைத் தமிழாசிரியர்க்கு நாம் எடுத்துச் சொல்லவேண்டுமோ?

ஆகவே, பல்கலைக்கழகப் பெருந்திட்டம் வரைவோர் வாயில் வளைவிலிருந்து தொடங்காமல் பஸ் நிற்கும் இடத்திலிருந்து தொடங்குவாராக. அங்கிருந்து விரிவுரைக்கூடம்வரை, நூலகம்வரை அஞ்சடி செல்லவேண்டும். செல்லும் வழியில் அமர்ந்து படிக்க மேசையும், புத்தகப்பையைப் பூட்டிவைக்கப் பெட்டியும், மாலை வகுப்புக்கு வருவோர்க்கு விளக்கும் வேண்டும். இதற்கெல்லாம் இடமேது என்பர். ஒரு கார் நிற்கவும் திரும்பவும் ஏறத்தாழ 25 சதுரமீட்டர் தேவை. ஆயிரம் கார்களுக்கு இரண்டரை ஹெக்டர், அதாவது ஆறு ஏக்கருக்கு மேல், தாருக்கடியில் மறையும். அதற்கு முகங்கோணாமல் நிலம் ஒதுக்குவோர், நால்வர் அமரும் மேசைக்கு இடமில்லை என்பது விந்தையே.

கால அட்டவணையும் வளாக அமைப்பின் ஒரு பகுதியென்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். தொலைவிலிருந்து வருவோனின் வகுப்புகளை அடுத்தடுத்து வைத்தால் அவனது அரைநாள் மிஞ்சும். அதற்கு ஒரு செங்கல்லும் வேண்டா.

விடுதிகளைப் பெருக்கினால் சிக்கல் தீர்ந்துவிடும் என்பாரும் உளர். வேலையும் குடும்பமும் உடையவன் விடுதிக்கு வாரான். பணிபுரிவோர்க்கென்று 1971இலேயே தொலைக்கல்வி வழிப் பட்டப்படிப்பைத் திறந்துவிட்ட மிண்டன் பல்கலைக்கழகம் இதனை அறியாததன்று.