புல்தரையில் தாழும் பந்து

ஓசூர் சிப்காட்டில் ஷிப்ட் முடிந்து டென்னிஸ் ராக்கெட் தூக்குபவர்களுக்குப் பழக்கம் சிமெண்ட் தரைதான். பந்து நன்றாக எழும்பி வரும். புல்தரை அந்த மரியாதையைக் காட்டாது. பந்து வழுக்கிக்கொண்டு தாழ்வாகவே ஓடும். முழங்காலை மடக்காதவருக்கு அங்கே வேலையில்லை. விம்பிள்டனில் புல்லை 8 மில்லிமீட்டர் உயரத்துக்கு வெட்டி வைக்கிறார்கள். ஷிப்ட் முடிந்து ஆடுபவர்களைப் போல, அந்தப் போட்டியும் 1967 வரை அமெச்சூர்களுக்கானதுதான். நம்ம ராமநாதன் கிருஷ்ணன் 1960, 1961 இரண்டு ஆண்டும் அங்கே அரையிறுதி வரை போனார். சர்வீஸில் பெரிய வேகம் கிடையாது (இன்றைய பயிற்சியாளர்கள் முகம் சுளிப்பார்கள்). பந்தை மெல்லத் தொட்டு, எதிராளி இல்லாத இடத்தில் வைப்பார். 1961 காலிறுதியில் ராய் எமர்சனையே வீழ்த்தினார். அரையிறுதிகளில் கிருஷ்ணனைத் தோற்கடித்த நீல் ஃப்ரேசரும் ராட் லேவரும்தான் அந்தந்த ஆண்டின் சாம்பியன்கள். புல்லை அவரளவு புரிந்துகொண்டு ஆடிய இந்தியர், என் கணக்கில், வேறு யாருமில்லை.