முணுமுணுப்பும் முறையீடும்: பாலக்காடு – இடுக்கி எல்லைப் பகுதியை முன்வைத்து ஒரு மொழிபெயர்ப்பு ஆய்வு

தாழ்ந்த குரலில் பேசுதலையும் குறைகூறுதலையும் சுட்டும் ஆங்கிலச் சொற்களைத் தமிழாக்க நேரும்போது, நம் மொழிபெயர்ப்பாளர் பலரும் 'முணுமுணு' என்னும் ஒரே வினையைக் கொண்டு காலம் தள்ளுகின்றனர். மம்பிள், மட்டர், மர்மர், கிரம்பிள் என்னும் நான்கும் ஒரு பொருளன அல்ல. வாய் நன்கு திறவாமையால் சொல் குழைவது மம்பிள். கேட்டும் கேளாமலும் போகட்டும் எனத் தனக்குள் சொல்லிக்கொள்வது மட்டர். மெல்லென இடையறாது ஒலிப்பது மர்மர். ஓடைக்கும் அது பொருந்தும். கிரம்பிள் என்பதிலோ குரலின் அளவு இரண்டாம் நிலையது, மனக்குறையே முதன்மை.

'முணுமுணு' என்னும் தமிழ் வினை குரலின் தன்மையை உணர்த்துகிறதேயன்றி மனநிலையை உறுதிப்படுத்துவதில்லை. பாட்டையும் மந்திரத்தையும் முணுமுணுக்கலாம். ஆயின் அதுவே பெயராகும்போதும் எதிர்மறையாகும்போதும் நிலைமை மாறுகிறது. 'கட்சிக்குள் முணுமுணுப்பு' என்றாலும் 'முணுமுணுக்காமல் செய்தான்' என்றாலும் குறைப்பொருளே முன்னிற்கிறது. ஒரே வேர் வினையில் நடுநிலையாகவும் பெயரில் மனக்குறையாகவும் நிற்கும் இவ்வேறுபாட்டை இருமொழி அகராதிகள் போதிய அளவு காட்டுவதில்லை. எனவே அகராதியை மட்டும் நம்புவோர் இடறுதல் இயல்பே.

ஆங்கிலத்தின் மர்மர் என்னும் சொல்லும் நிலையாக நின்றதன்று. யாத்திராகமத்தில் இசுரவேலர் மோசேக்கு எதிராகக் குறைகூறிய இடத்தில் 1611ஆம் ஆண்டு ஆங்கில விவிலியம் அச்சொல்லையே ஆண்டது. 1978இல் நிறைவுற்ற புதிய பன்னாட்டுப் பதிப்பு கிரம்பிள் என்றது. 1989ஆம் ஆண்டுப் புதிய திருத்தப் பதிப்பு கம்ப்ளெயின் என்றது. மூலம் மாறவில்லை, மர்மர் என்பது காலப்போக்கில் மென்மையடைந்து, குறைப்பொருளில் பெரும்பகுதியை இழந்தமையே காரணம் எனலாம். பழைய தமிழ் விவிலியம் இங்கு 'முறுமுறு' என்பதையும் மலையாள விவிலியம் 'பிறுபிறு' என்பதையும் தேர்ந்தன. கிரேக்க மொழிபெயர்ப்பின் வினைக்கு அடியான 'கொங்குசோ' என்பதும் இலத்தீன் 'மர்மர்' என்பதும் ஒலிக்குறிப்புச் சொற்களே என்பது நோக்கத்தக்கது. மனக்குறையை மக்கள் பொருளால் அறிவதற்கு முன் ஒலியால் அறிகின்றனர் போலும்.

தமிழ்நாட்டு வாசகருக்கு இன்று 'முறுமுறு' என்றால் தோசையே நினைவுக்கு வரும். தேவாலயத்திற்கு வெளியே அச்சொல்லின் பழம்பொருள் தேய்ந்துவிட்டது. மலையாளத்திலோ 'முறுமுறுப்பு' செய்தித்தாளில் இன்றும் உயிருடன் உள்ளது. அதிருப்தியைக் குறிக்கத் தலைப்புகளில் தயக்கமின்றி இடம்பெறுகிறது. 'பிறுபிறு' என்பதன் உறவுச்சொல்லாகத் தோன்றும் 'புறுபுறு' யாழ்ப்பாணத் தமிழில் அன்றாட வழக்கு. ஆகவே மனக்குறையோடு கூடிய தாழ்குரலுக்குத் தமிழில் சொல் இல்லை என்பார் கூற்று ஏற்புடையதன்று. சொல் உண்டு, சென்னை மையப் பொதுத்தமிழ் அதனைக் கைவிட்டது.

இவ்வழக்குகள் நேருக்கு நேர் சந்திக்கும் இடங்கள் மூணாறு, தேவிகுளம், பீர்மேடு ஆகிய மலைப்பகுதிகளும், பாலக்காட்டின் சிற்றூர், கொழிஞ்சாம்பாறை ஆகிய சமவெளிப் பகுதிகளுமாம். இங்கு இருமொழியாளராக இருப்பது புலமை அன்று, வாழ்க்கைத் தேவை. ஆயினும் உருவொத்த சொற்கள் இங்கே பெரும் இடர் விளைவிக்கும். மலையாளத்தில் 'மந்திரிக்குக' என்பது காதோடு மெல்லப் பேசுதலையும் குறிக்கும். ஆங்கில விஸ்பர் என்பதற்கு அது நேர். அதனை அப்படியே எடுத்து, 'அவள் அவன் காதில் மந்திரித்தாள்' என மொழிபெயர்த்தால் தமிழர் வேப்பிலையையும் திருநீற்றையும் தேடுவர். 'பரிபவம்' இதனினும் நுட்பமானது. தமிழ் நூல்களில் அது அவமதிப்பு. மலையாளத்தில் நெருங்கியவரிடம் மட்டுமே கொள்ளத்தக்க செல்லமான மனத்தாங்கல். ஆங்கிலத்தில் இதற்கு ஒரு சொல் கிடைப்பது அரிது. கிரீவன்ஸ் என்றால் நீதிமன்றத்தை எட்டிவிடும்; சல்க் என்றால் குழந்தையின் முகத்தூக்கலாகிவிடும். தமிழில் 'மனத்தாங்கல்', இடம் நோக்கி 'ஊடல்' என்பனவே நெருங்கி வருகின்றன.

கம்ப்ளெயின் என்பதில்தான் உண்மையான இழப்பு நேர்கிறது. மார்பில் அறைந்து அழுதலைக் குறித்த இலத்தீன் வினையின் வழிவந்த அச்சொல், சலித்துக்கொள்வதையும் சுட்டும். கையொப்பமிட்டு மனுக் கொடுப்பதையும் சுட்டும். தமிழ் இவற்றைப் பிரித்தே வழங்குகிறது. புலம்புதல், அங்கலாய்த்தல், சலித்துக்கொள்ளுதல், குறைபட்டுக்கொள்ளுதல் ஆகியவை ஒருபுறம்; முறையிடுதல், புகார் செய்தல் ஆகியவை மறுபுறம். 'கொள்' என்னும் துணைவினை சேர்ந்த மாத்திரத்தே குறை சொல்பவரோடு நின்றுவிடுகிறது. 'முறையிடு' என்பதோ கேட்கக் கடமைப்பட்ட ஒருவரை முன்னிறுத்துகிறது. இந்தியில் உரத்து அழைத்தலைக் குறிக்கும் சொல்லிலிருந்து 'புகார்' வந்தது. பாரசீக 'ஃபர்யாத்' என்பதிலிருந்து வந்த 'பிராது' என்பதற்கும் அடிப்பொருள் முறையிட்டு அலறுதலே. எல்லைப்பகுதித் தமிழர் நாவில் வழங்கும் 'பராதி' மலையாளத்தின் வழியது. 'ஆவலாதி' மலையாளத்திற்கும் தென்மாவட்டத் தமிழுக்கும் பொதுவானது.

இது வெறும் சொல்லாய்வு அன்று. 1969ஆம் ஆண்டுக் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழ்ச் சிறுபான்மையினர் அரசுடன் தம் மொழியில் எழுதவும் அம்மொழியிலேயே மறுமொழி பெறவும் உரிமை வழங்கியது. தமிழில் எழுதப்படும் ஒரு மனு மலையாளக் கோப்பிலும், தேவைப்படின் ஆங்கிலக் குறிப்பிலும் நுழையும் வழியில் மொழிபெயர்ப்பாளர் நிற்கிறார். 'முறையிட்டனர்' என்பது 'குறைபட்டுக்கொண்டனர்' என்றாகிவிட்டால் மனுதாரர் உரிமை கோருபவர் என்னும் நிலையிலிருந்து ஓயாமல் முனகுபவர் என்னும் நிலைக்கு இறங்கிவிடுகிறார்.

2015ஆம் ஆண்டு செப்டம்பரில் மூணாற்றின் தேயிலைத் தோட்டப் பெண்கள், பெரும்பாலோர் தமிழர், 20 விழுக்காடு போனசு கோரித் தொழிற்சங்கத் தலைவர்களை விலக்கி ஒன்பது நாள் வேலைநிறுத்தம் செய்தனர். அவர்கள் குறையைக் கம்ப்ளெயின்ட் என்று எழுதும் ஆங்கிலச் செய்தியைத் தமிழாக்குவோர், போராட்டத்திற்கு முந்திய ஆண்டுகளில் தேயிலை வரிசைகளுக்கிடையே எழுந்ததை 'முறுமுறுப்பு' என்றும், சாலையில் அமர்ந்தபின் எழுந்ததை 'முறையீடு' என்றும் பிரித்தெழுதல் வேண்டும். இரண்டையும் 'முணுமுணுப்பு' என்பது பிழை. அவ்வியக்கம் ஏற்ற 'பெம்பிளை ஒருமை' என்னும் பெயரிலும் இதே எல்லைச்சிக்கல் உண்டு. இலக்கணம் பயின்ற தமிழ்வாசகர் 'ஒருமை' என்பதைப் பன்மையின் மறுதலையாகப் படிப்பார். மலையாளத்தில் அது ஒற்றுமை. அப்பெயரை மொழிபெயர்க்காது விடுவதே தக்கது. பொருளை மட்டும் ஒருமுறை உடன் குறிக்கலாம்.