அண்ணாச்சி திருப்பிக் கொடுத்த புத்தகம்

துக்க வீட்டுக்குப் புத்தகம் எடுத்துக்கொண்டு போகக் கூடாது என்பதைக் கொஞ்சம் தாமதமாகத்தான் கற்றுக்கொண்டேன்.

அவர் நாசரேத் பக்கத்துக்காரர். சென்னைக்கு வந்து நாற்பது வருஷமாகியும் பேச்சில் ஊர் போகவில்லை. எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. அவர் மனைவி ஏழு மாதம் புற்றுநோயோடு இருந்துவிட்டு இறந்துபோனார். நான் போயிருந்தபோது வீடு நிறையச் சபைக்காரர்கள். எல்லோரும் நல்லவர்கள். எல்லோரிடமும் சொல்வதற்கு ஏதோ ஒன்று இருந்தது. ஒருவர், தோட்டக்காரர் நல்ல பூவைத்தான் முதலில் பறிப்பார் என்றார். இன்னொருவர், 'அக்கா பரலோகத்துல சந்தோஷமா இருக்காங்க, நீங்க அழுதா அது விசுவாசக் குறைவு' என்றார். மூன்றாமவர், குடும்ப ஜெபம் ஒழுங்காக நடந்ததா என்று விசாரித்தார். அண்ணாச்சி எல்லோருக்கும் காபி கொடுக்கச் சொன்னார்.

இவர்களைவிட நான் மேல் என்ற நினைப்பில், பத்து நாள் கழித்து அவரிடம் ஒரு புத்தகத்தைக் கொடுத்தேன். சி.எஸ். லூயிஸ் எழுதிய 'தி பிராப்ளம் ஆஃப் பெயின்'. வேதனை என்கிற பிரச்னை. மூன்று வாரத்தில் பேப்பர் அட்டை போட்டுப் பத்திரமாகத் திரும்பி வந்தது.

'நல்லாத்தான் எழுதியிருக்காரு தம்பி. ஒண்ணு கேக்கணும். இதை எழுதுதப்ப இவருக்குக் கல்யாணம் ஆகலியோ?'

ஆகவில்லை. அந்தப் புத்தகம் வெளிவந்தது 1940-ல். லூயிஸுக்கு அப்போது நாற்பத்தோரு வயது, பிரம்மச்சாரி, ஆக்ஸ்ஃபோர்டில் ஆசிரியர். அண்ணாச்சி எந்த வாழ்க்கைக் குறிப்பையும் பார்க்காமல், வாக்கியங்களின் தோரணையை வைத்தே கண்டுபிடித்துவிட்டார். நானும் இருபது வருஷமாக இலக்கிய விமரிசனம் மாதிரி ஏதோ எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒரு புத்தகத்தைப் பற்றி ஒரே கேள்வியில் இவ்வளவு சொன்னதில்லை.

லூயிஸ் என்றால் நம்மில் பலருக்கு 'நார்னியா' சினிமாதான் ஞாபகம் வரும். சிங்கம், பீரோ வழியாகப் போகும் பனி தேசம். அதே ஆசாமிதான். பெல்ஃபாஸ்டில் 1898-ல் பிறந்தவர். நாத்திகராக இருந்து, முப்பது வயதுக்கு மேல் கிறிஸ்துவத்துக்குத் திரும்பியவர். இரண்டாம் உலகப் போர் சமயத்தில் பி.பி.சி. வானொலியில் அவர் கிறிஸ்துவ நம்பிக்கை பற்றிப் பேசியதற்கு இங்கிலாந்து முழுக்கக் காது கொடுத்தது.

1940 புத்தகத்தின் வாதம் ரொம்பக் கச்சிதம். கடவுள் நல்லவர், எல்லாம் வல்லவர் என்றால் வேதனை ஏன்? நாம் 'அன்பு' என்று சொல்வது, பேரன் எது கேட்டாலும் தலையாட்டும் தாத்தாவின் அன்பு. கடவுளுடையது அப்படி இல்லை. அவர் நம்மைச் செதுக்கி எடுக்க விரும்புகிறார், செதுக்கினால் வலிக்கும். சுகமாக இருக்கும்போது அவர் மெல்லப் பேசுவது நம் காதில் விழாது. வேதனை என்பது அவர் கையில் எடுக்கும் ஒலிபெருக்கி. படிக்கும்போது தலை தானாக ஆடும். மேசையில் விளக்கு எரிகிறது, வயிறு நிறைந்திருக்கிறது, நமக்கு வேண்டியவர்கள் எல்லோரும் பக்கத்து அறையில் பத்திரமாகத் தூங்குகிறார்கள் என்றால் அந்த வாதத்தில் ஓட்டை கண்டுபிடிப்பது கஷ்டம். மிருகங்களின் வேதனை பற்றிய அத்தியாயத்தில் மட்டும் அவருக்கே மூச்சு வாங்குகிறது. அதை விட்டுவிடலாம்.

அவரைக் குறை சொல்வதும் அவ்வளவு நியாயமில்லை. ஒன்பது வயதில் அம்மாவைப் புற்றுநோய்க்குக் கொடுத்தவர், முதல் உலகப் போரில் காயம் பட்டவர். வேதனை தெரியாத மனிதர் இல்லை. அந்தப் புத்தகத்தைப் பெயர் போடாமல் வெளியிடத்தான் முதலில் அனுமதி கேட்டிருக்கிறார். இவ்வளவு தைரியமாகப் பேசுகிற ஆள் யார் என்று தெரிந்தால், தெரிந்தவர்கள் சிரிப்பார்கள் என்று முன்னுரையிலேயே ஒப்புக்கொள்கிறார். இந்த முன்னுரையை நான் இரண்டு தடவை படித்தும் கவனிக்காமல் தாண்டியிருக்கிறேன்.

பிறகு நடந்தது சினிமாக் கதை மாதிரி. நிஜமாகவே சினிமாவாகவும் வந்தது ('ஷேடோலேண்ட்ஸ்', 1993, ரிச்சர்ட் அட்டன்பரோ, ஆன்டனி ஹாப்கின்ஸ்). ஜாய் டேவிட்மன் என்ற அமெரிக்கக் கவிஞர். யூதக் குடும்பம், ஒரு காலத்தில் கம்யூனிஸ்ட், பிறகு கிறிஸ்துவர், விவாகரத்தானவர், இரண்டு பையன்கள். அவர் இங்கிலாந்தில் தங்க வசதியாக 1956 ஏப்ரலில் லூயிஸ் அவரைப் பதிவுத் திருமணம் செய்துகொள்கிறார். வெறும் காகிதக் கல்யாணம். அதே ஆண்டு அக்டோபரில் ஜாய் கீழே விழுந்து தொடை எலும்பு முறிகிறது. பரிசோதித்தால் புற்றுநோய். 1957 மார்ச்சில் ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே ஒரு பாதிரியார் திருமணம் செய்துவைத்து, தலையில் கை வைத்து ஜெபிக்கிறார். சாகப் போனவர் எழுந்து நடக்கிறார்! மூன்று வருஷம். அயர்லாந்து போகிறார்கள், கிரீஸ் போகிறார்கள். வியாதி திரும்பி வருகிறது. 1960 ஜூலை 13-ல் ஜாய் இறந்துபோகிறார். வயது 45.

இந்த மூன்று வருஷத்தைத்தான் கவனிக்க வேண்டும். ஜெபம் கேட்கப்படவே இல்லை என்றால் மனசை எப்படியாவது தேற்றிக்கொள்ளலாம். கேட்கப்பட்டு, கொடுக்கப்பட்டு, பிறகு திரும்பப் பிடுங்கப்பட்டது என்றால்? சபைகளில் சாட்சி சொல்கிறவர்கள் சாதாரணமாக முதல் பாதியோடு உட்கார்ந்துவிடுகிறார்கள். லூயிஸுக்கு அந்த வசதி இல்லை.

வீட்டில் கிடந்த காலி நோட்டுப் புத்தகங்களை எடுத்து எழுத ஆரம்பித்தார். நான்கு நோட்டு. நான்காவதோடு நிறுத்திவிட வேண்டும், இதற்கென்று கடையில் போய்ப் புது நோட்டு வாங்கப் போவதில்லை என்று தனக்குத்தானே ஒரு கட்டுப்பாடு. அதுதான் 'எ க்ரீஃப் அப்சர்வ்டு'. ஃபேபர் வெளியீடு, 1961. ஆசிரியர் பெயர் என்.டபிள்யூ. கிளார்க். பொய்ப் பெயர். மனைவியின் பெயர் வெறும் 'ஹெச்'. துக்கத்தில் இருக்கும் லூயிஸுக்கு உதவுமே என்று சில நண்பர்கள் இந்தப் புத்தகத்தையே வாங்கி அவருக்கு அனுப்பினார்கள் என்று சொல்வார்கள். 1963 நவம்பர் 22-ல், கென்னடி சுடப்பட்ட அதே நாளில், லூயிஸ் இறந்தார். அதற்குப் பிறகுதான் புத்தகம் அவர் பெயரில் வந்தது.

நூறு பக்கம்கூடத் தேறாது. முதல் நோட்டில் துக்கம் பயம் மாதிரியே இருக்கிறது என்கிறார், வயிற்றில் அதே கலக்கம். சவரம் பண்ணிக்கொள்ளக்கூடச் சோம்பல். எதிரே வருகிற தெரிந்தவர்கள், இவரிடம் அந்தப் பேச்சை எடுக்கலாமா வேண்டாமா என்று தவிப்பதைப் பார்த்து, துக்கப்படுகிறவர்களைக் குஷ்டரோகிகள் மாதிரித் தனியாக ஒதுக்கிவிடலாமோ என்று யோசிக்கிறார். பிறகு கடவுள் பக்கம் திரும்புகிறார். சந்தோஷமாக இருந்தபோது போனால் வரவேற்றீர்களே, இப்போது வேறு கதியில்லாமல் வந்தால் முகத்தில் கதவைச் சாத்தி உள்ளே தாழ் போடும் சத்தம் கேட்கிறதே! ஜன்னலில் வெளிச்சமும் இல்லை. கடவுளை நம்பாமல் போய்விடுவோமோ என்பதல்ல அவர் பயம். கடவுள் இப்படிப்பட்டவர்தானா என்று நம்ப ஆரம்பித்துவிடுவோமோ என்பதுதான்.

இரண்டாவது நோட்டு இன்னும் மோசம். மத ஆறுதல் என்று யாரும் கிட்டே வர வேண்டாம் என்கிறார். கடவுளை உயிரோடு அறுத்துப் பார்க்கும் விஞ்ஞானி என்கிற அளவுக்குப் போகிறார். இருபது வருஷத்துக்கு முன் ஒலிபெருக்கி உதாரணம் எழுதிய அதே கை.

ஒரு பக்திமான் இப்படி எழுதலாமா என்று கேட்பவர்கள் தங்கள் பைபிளைச் சரியாகப் புரட்டவில்லை என்பேன். புது வருஷ ஆராதனையில் வாக்குத்தத்த வசனம் அட்டையில் அச்சடித்துக் கொடுக்கிறார்கள். அதில் 88-ஆம் சங்கீதம் யாருக்கும் வந்து நான் பார்த்ததில்லை. ஆறுதலே இல்லாமல் முடிகிற சங்கீதம் அது. யோபுவின் கதையை எல்லோருக்கும் தெரியும். அவருடைய சிநேகிதர்கள் ஏழு நாள் ராத்திரி பகலாக அவரோடு தரையில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். அதோடு நிறுத்தியிருந்தால் உத்தமமான ஆட்கள். பிறகு பேச ஆரம்பித்தார்கள். கடவுளுக்காக வக்கீல் வேலை பார்த்தார்கள். கடைசியில் கடவுள் கோபப்படுவது, புலம்பித் தீர்த்த யோபுவின் மேல் அல்ல, இந்த வக்கீல்கள் மேல். இன்னொன்றும் உண்டு. யோபுவுக்கு எல்லாம் இரட்டிப்பாகத் திரும்பக் கிடைக்கிறது. ஏழாயிரம் ஆடு பதினாலாயிரம் ஆகிறது, மூவாயிரம் ஒட்டகம் ஆறாயிரம். பிள்ளைகள் மட்டும் முன்பிருந்த அதே பத்துப் பேர். இழந்த பிள்ளையை எதைக் கொடுத்தும் ஈடுகட்ட முடியாது என்று அந்தப் பழைய கதாசிரியனுக்குத் தெரிந்திருக்கிறது என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆசீர்வாதத்தைக் கணக்குப் போட்டுக் காட்டும் பிரசங்கியார்கள் ஒட்டகத்தோடு நிறுத்திவிடுகிறார்கள்.

மலைப்பிரசங்கத்திலும் துயரப்படுகிறவர்களைத்தான் பாக்கியவான்கள் என்கிறார் இயேசு. நம் பேச்சில் பாக்கியம் என்றால் பையனுக்கு அமெரிக்க விசா கிடைப்பது. அந்த வார்த்தையை அழுகிறவன் மேல் கொண்டுபோய் வைப்பதில் உள்ள முரட்டுத்தனம் நமக்கு உறைப்பதே இல்லை, அவ்வளவு தடவை கேட்டாகிவிட்டது.

லூயிஸுக்கு அந்தப் பாக்கியம் எப்படி வந்தது? இங்கேதான் புத்தகம் என்னை ஜெயித்தது. மூன்றாவது நோட்டில் ஒரு நாள் காலை மனசு லேசாக இருக்கிறது. தரிசனம் எதுவும் இல்லை. பத்து நாள் மூடாக்குப் போட்டிருந்த வானம் விலகி வெயில் அடித்தது, லேசான காற்று, பல வாரங்களுக்குப் பிறகு ராத்திரி நல்ல தூக்கம். இதையெல்லாம் மறைக்காமல் எழுதுகிறார். வேறு யாராவது என்றால் அந்தக் காலையை ஓர் அற்புதமாக்கியிருப்பார்கள். அழுகை கொஞ்சம் அடங்கின அந்த நேரத்தில்தான் மனைவியின் முகம் தெளிவாக ஞாபகம் வருகிறது. கதவு இப்போது பூட்டியிருப்பதாகத் தோன்றவில்லை. ஒருவேளை அதைச் சாத்தியது என்னுடைய கூப்பாடுதானோ என்று சந்தேகப்படுகிறார். தண்ணீரில் முழுகுகிறவன் காப்பாற்ற வந்தவன் கழுத்தைக் கட்டிக்கொண்டால் காப்பாற்ற முடியாதே.

நான்காவது நோட்டிலும் பதில் கிடைக்கவில்லை. பதில் இல்லாத மௌனத்தின் ஜாடைதான் மாறுகிறது. முன்பு தாழ் போட்ட கதவாகத் தெரிந்தது, இப்போது, 'உனக்கு இது புரியாது குழந்தே' என்று இரக்கத்தோடு தலையசைப்பதுபோல இருக்கிறது. தன் நோட்டுகளையே திரும்பப் படித்துவிட்டு, இதில் முதலில் நான், அப்புறம் அவள், கடைசியில் கடவுள் என்று வரிசை தலைகீழாக இருக்கிறதே என்று வெட்கப்படுகிறார்.

இந்தக் கடைசிப் பகுதி கொஞ்சம் அவசரம் என்பது என் அபிப்பிராயம். வாதாடிப் பழகிய மனிதர், துக்கத்தையும் ஒரு முடிவுக்குக் கொண்டுவந்துவிடத் துடிக்கிறார். பையன்கள் விஷயத்தில் ஒரேயடியாகத் தவறு செய்திருக்கிறார். அம்மாவைப் பற்றிப் பேச்செடுத்தால் அவர்கள் முகத்தில் ஒரு சங்கடம் தெரிகிறது, பேச்சை நிறுத்த மாட்டாரா என்று பார்க்கிறார்கள் என்று எழுதினார். சின்னவன் டக்ளஸ் கிரெஷம் பெரியவனான பிறகு இதே புத்தகத்துக்கு எழுதிய முன்னுரையில் காரணம் சொல்கிறார். இங்கிலீஷ் போர்டிங் ஸ்கூலில் அழுவதுதான் மகா அவமானம். அவர் வாயைத் திறந்தால் எங்கே அழுதுவிடுவோமோ என்று பயந்திருக்கிறான் பையன். ஒரே வீட்டில் ஒரே சாவுக்கு ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருக்கிறார்கள். இவர் பக்கம் பக்கமாகத் தன் மனசை நோண்டிக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் இருந்த பையனைக் கட்டிக்கொண்டு அழுதிருக்கலாம். 'ஷேடோலேண்ட்ஸ்' சினிமாவில் இரண்டு பையன்களை ஒன்றாக்கிவிட்டார்கள். ஆனால் இந்த இடத்தைச் சரியாகப் பிடித்து, இரண்டு பேரையும் சேர்த்து அழவைத்தார்கள். அந்த ஒரு காட்சியில் சினிமா புத்தகத்தைத் தாண்டிவிட்டது.

தமிழ் பைபிளில் பரிசுத்த ஆவிக்குத் தேற்றரவாளன் என்று ஒரு அழகான பெயர் உண்டு. தேற்றுகிறவர். தேற்றுவதற்கு எவ்வளவு நாள் ஆகும் என்று எங்கேயும் எழுதவில்லை.

இரண்டாவது புத்தகத்தை அண்ணாச்சியிடம் கொடுக்க எனக்குத் தயக்கம்தான். ஒரு தடவை பட்டாச்சு. முன்கதையை மட்டும் சொல்லி, 'இதை எழுதும்போது கல்யாணமும் ஆகி, எல்லாம் முடிஞ்சும் போச்சு அண்ணாச்சி' என்றேன். கையை நீட்டி வாங்கிக்கொண்டார்.

மூன்று மாசம் ஆயிற்று. புத்தகம் திரும்பி வரவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை போயிருந்தபோது நானாகக் கேட்கவில்லை, அவராகவே ஆரம்பித்தார்.

'முழுசும் ஒருக்க வாசிச்சிட்டேன் தம்பி. மூணாவது நோட்டுல கதவு தொறக்குன்னு சொல்லுதாரு, என்ன? எனக்கு இன்னும் தொறக்கல. ரெண்டாவது நோட்டுலயேதான் நிக்கேன். புக்கு உங்களுக்கு அவசரமா வேணுமோ?'

'இல்லை, அண்ணாச்சி.'

'அப்ப இருக்கட்டும்' என்றார். பிறகு உள்ளே போய் அவரே காபி போட்டுக் கொண்டுவந்தார். சர்க்கரை கொஞ்சம் தூக்கலாக இருந்தது.