பழுப்புக் கடற்பாசி வகைப்பாட்டில் புறவடிவமும் மரபணுவும்: மன்னார் வளைகுடாச் சர்காசத்தை முன்வைத்து ஒரு திறனாய்வு

முன்னுரை

மணிமுத்தாற்று நீர் தாமிரபரணியில் கலந்து புன்னைக்காயல் அருகே மன்னார் வளைகுடாவை அடைகிறது. அக்கடலில் வளரும் பழுப்புப் பாசிகளுள் சர்காசம் குறிப்பிடத்தக்கது. பாசி சேகரிப்போர் இதனைக் ‘கட்டக்கோரை’ என்றும், டர்பினேரியாவைப் ‘பக்கடாப் பாசி’ என்றும் வழங்குவர். ஆல்ஜினேட் எடுப்பதற்கு இவ்வேறுபாடு போதும், ஆய்வுக்குப் போதாது. ஒரே பேரினத்தின் சிற்றினங்களை எச்சான்றைக் கொண்டு பிரிப்பது என்பதே இக்கட்டுரையின் வினா.

புறவடிவச் சான்றின் வரம்பு

இப்பேரினத்தை 1820இல் சி. அகார்து நிறுவினார். அவர் மகன் ஜே. அகார்து 1889இல் இலை, காற்றுப்பை, இனப்பெருக்கக் கிளை முதலியவற்றைக் கொண்டு விரிவான வகைப்பாட்டை வகுத்தார். முள் அடர்ந்த தண்டுடைய சர்காசம் பாலிசிஸ்டம் போன்றவற்றை இம்முறையால் களத்திலேயே அறியலாம். பிறவற்றில் சிக்கல் எழுகிறது. ஒரே செடியின் அடியிலை அகன்றும் நுனியிலை ஒடுங்கியும் இருக்கும். பருவமும் அலையின் வேகமும் உருவை மாற்றும். இனப்பெருக்கக் கிளை தோன்றாத பருவத்தில் எடுத்த மாதிரிக்குச் சிற்றினப் பெயர் இடுவது பெரிதும் ஊகமே.

மரபணுச் சான்றின் வரம்பு

உட்கருவின் ஐ.டி.எஸ்.-2, இழைமணியின் காக்ஸ்-3 முதலிய பகுதிகள் இக்குறையை ஓரளவு நீக்கின. ஹிசிகியா எனத் தனிப் பேரினமாக ஒகமுரா 1932இல் பிரித்த பாசி, சர்காசத்துள் அடங்குவதே என 2003இல் வெளிவந்த ஐ.டி.எஸ்.-2 ஆய்வு காட்டியது. செட்செல் அதனை 1931இலேயே சர்காசத்துள் வைத்திருந்தார் என்பதும் நினைக்கத்தக்கது. உருவை நுணுகிக் கண்டவர் முடிவை மரபணு உறுதிசெய்தது, மறுக்கவில்லை.

எனினும் அண்மையில் பிரிந்த சிற்றினங்களிடையே இப்பகுதிகள் வேறுபாடின்றி அமையக்கூடும். வரிசை ஒன்றாயிருப்பதாலேயே சிற்றினமும் ஒன்று எனல் பொருந்தாது. மேலும், தரவு வங்கியிலுள்ள வரிசைக்குப் பெயரிட்டவர் பெரும்பாலும் உருவைப் பார்த்தே பெயரிட்டார். அப்பெயர் பிழையானால், அதனோடு ஒப்பிட்டுப் பெறும் முடிவும் பிழையாகும். மரபணு தனித்து நின்று பெயர் சொல்வதில்லை.

ஒரு பெயரின் சிக்கல்

ராபர்ட் வைட்டின் நினைவாகக் கிரெவில் சூட்டிய சர்காசம் வைட்டி என்னும் பெயரை ஜே. அகார்து 1848இல் வெளியிட்டார். தமிழகக் கடற்பாசி ஆய்வுகளில் இப்பெயர் மிகுதியாக ஆளப்படுகிறது. ஆனால் ஆல்கேபேஸ் தரவுத்தளம் இதனைச் சர்காசம் சுவார்ட்சியின் இணைப்பெயராகக் கொள்கிறது. அவ்வாறாயின், இவ்விரண்டையும் வெவ்வேறாகக் கொண்டு வேதிப்பொருளை ஒப்பிடும் ஆய்வு காண்பது சிற்றின வேறுபாடா, பருவ வேறுபாடா? சான்றுமாதிரி பேணப்பட்டிருந்தால் மீண்டும் சோதிக்கலாம். பேணப்படாதவிடத்து, அளவீடு எத்துணைத் துல்லியமாயினும் அது எச்செடிக்குரியது என நிறுவ வழியில்லை. கருவிக்குச் செலவிடும் கவனத்தில் ஒரு பகுதியையேனும் பெயருக்குச் செலவிடாமை நம் ஆய்வுகளின் குறையாகும்.

முடிவுரை

புறவடிவமும் மரபணுவும் ஒன்றையொன்று திருத்தும் சான்றுகள். இனப்பெருக்கக் கிளையுடன் எடுத்த உலர்மாதிரி, அதே செடியிலிருந்து பெற்ற மரபணு வரிசை, எடுத்த இடமும் நாளும், மூலமாதிரியோடு ஒப்பீடு ஆகிய நான்கும் ஒருசேர அமைதல் வேண்டும். வேதியியல், மருந்தியல் ஆய்வேடுகளுக்கும் இந்நெறி பொருந்தும். பெயர் உறுதிப்படாத பாசியின் பயன் உறுதிப்பட்டதாகக் கொள்ளுதல் இயலாது.